கச்ரா என்ற ஃபோல்டர்

என் மைனி எழுதிய ஒரே புத்தகத்தை அழித்தவள் நான். அந்தப் பழி என் அண்ணன்மேல் விழுந்தபோது வாயைத் திறக்காமல் இருந்தவளும் நான்தான். ஆறு வருஷமாகிறது.

முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டேன். ஒரு தமிழ் நாளிதழின் மும்பைப் பதிப்பில் பதினோரு வருஷம் உதவி ஆசிரியராக இருந்த பழக்கம் இது. இடம் போதாவிட்டால் செய்தியைக் கடைசியிலிருந்துதான் வெட்டுவார்கள். முக்கியமானது தலையில் இருக்க வேண்டும். நீங்கள் இத்துடன் நிறுத்திக்கொண்டாலும் உங்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

பிறகு ஏன் தொடர்கிறேன்?

அந்த நாட்களை நினைக்கும்போது எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது. அதனால்தான். வெட்கம் வர வேண்டிய இடத்தில் பெருமை வந்து உட்கார்ந்திருக்கிறது... எழுப்பிப் பார்த்தேன், எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

அந்த லேப்டாப் மைனியுடையது. அண்ணன் மனைவியை எங்கள் திருநெல்வேலிக் குடும்பங்களில் அப்படித்தான் அழைப்போம். அவள் பெயர் ஜெயராணி. என்னைவிட ஏழு வயது மூத்தவள். தாராவி தொண்ணூறடி சாலையில் ஒரு டி.டி.பி. கடையில் தமிழ் டைப் செய்கிற வேலை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி, கோயில் கொடை நோட்டீஸ்... மாட்டுங்கா லேபர் கேம்பில் யார் வீட்டு நல்லது கெட்டதும் அவள் விரல் வழியாகத்தான் சுவருக்குப் போகும். அண்ணன் தங்கராஜ் குர்லாவில் ஒரு தோல்பொருள் ஏற்றுமதி அலுவலகத்தில் சரக்கைப் பத்திரமாக அனுப்பிவைக்கிற டெஸ்பாட்ச் கிளார்க். இருவரும் லேபர் கேம்பில் அப்பா விட்டுப்போன வீட்டில் இருந்தார்கள். நான் திலக் நகரில்.

எங்கள் நாளிதழ் மும்பைப் பதிப்பை நிறுத்தியபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. மற்றவர்கள் சென்னைக்கு விண்ணப்பம் போட்டார்கள். நான் போடவில்லை. கடைசி இரண்டு வருஷமாக அலுவலகக் கம்ப்யூட்டரில் நிரல் எழுதப் பழகியிருந்தேன். ஒரே சொல் இருமுறை அடிக்கப்பட்டிருந்தால் சிவப்பில் காட்டுகிற சின்ன நிரல்தான் நான் எழுதிய முதல் நிரல். பக்கம் போடுகிறவர்கள் சிரித்தார்கள். அன்று மாலைப் பக்கத்தில் அது ஒன்பது பிழைகளைப் பிடித்தது. அதன்பின் யாரும் சிரிக்கவில்லை.

செம்பூரில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம் என்னை நேர்முகத்துக்கு அழைத்தது. எதிரே இருந்த மேலாளருக்கு என் வயதில் முக்கால்தான் இருக்கும். பத்து நாளில் ஒரு வேலையைச் செய்து அனுப்புங்கள், பார்க்கலாம் என்றார். அவர்கள் எல்லோரும் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் வேலை செய்கிறார்கள். உங்கள் மெஷினில் என்ன இருக்கிறது என்று கேட்டார்.

என்னிடம் மெஷினே இல்லை. லினக்ஸ்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மைனிக்குப் போன் செய்தேன்.

"ஏளா, எங்க லேப்டாப்பு சும்மாதான் கெடக்கு. ஆன் பண்ணிட்டுப் போயி சோறு வடிச்சி எறக்கிட்டு வந்தாலும் அது இன்னும் சுத்திக்கிட்டேதான் இருக்கும். கடையில ஒரு பழைய டெஸ்க்டாப்பு தாராங்க. நீ இத எடுத்துக்கோ."

"உங்களுக்கு வேண்டாமா மைனி?"

"வேணும்னா ஒங்கிட்ட வந்து வாங்கிக்கிட மாட்டனா? நீ என்ன துபாய்லயா இருக்க?"

இரண்டு நாள் கழித்து அவளே அழைத்தாள். நான் ஹார்பர் லைன் ரயிலில், பெண்கள் பெட்டியான லேடீஸ் டப்பாவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். பக்கத்தில் ஒருத்தி ஹேர்கிளிப் விற்றுக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தில் மைனி சொன்னது இது:

"ஒங்கண்ணன் சனிக்கெழம கொண்டாருவாரு. என் ஃபைல எல்லாம் கச்ராவுல போட்டாச்சி. நீ ஒன் வேலயப் பாரு."

கச்ரா என்றால் குப்பை. மும்பைத் தமிழர் வீடுகளில் குப்பை என்ற சொல்லை நீங்கள் அதிகம் கேட்க மாட்டீர்கள். காலையில் கச்ராவாலா வருவான், கச்ரா டப்பாவை வாசலில் வைப்போம். அதை யாரும் இந்தி என்று நினைப்பதில்லை. ஆகவே, எனக்கு வேண்டிய எதுவும் அதில் இல்லை, எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டேன் என்று மைனி சொன்னதாக நான் எடுத்துக்கொண்டேன்.

இங்கேயே நிறுத்தினால் இது வெறும் காதுப் பிழை. ஆறு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொள்வதும் இந்த இடம்வரைதான்.

சனிக்கிழமை காலை பத்தரைக்கு அண்ணன் வந்தான். சட்டை முழுக்க வியர்வை. லேப்டாப் பையை மேசைமேல் வைத்துவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் சொன்னான்.

"ஏட்டி கனி, குர்லாவுல வண்டி மாறும்போது பை கைநழுவி கீழ விழுந்துட்டு. நல்லா விழுந்துட்டு. ஆன் பண்ணிப் பாரு."

போட்டேன். விண்டோஸ் சுற்றத் தொடங்கியது. அண்ணன் டீ குடித்து, பாதி கிளாஸைக் கீழே வைத்து, நெற்றியைத் துடைத்துக் கிளம்பிப் போன பிறகுதான் திரை வந்தது. ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் வேலை செய்தது. ஆன் ஆனதை அவன் பார்த்தான், ஆனால் அவன் பார்த்தது வெறும் வெளிச்சம். உள்ளே டிஸ்க் நன்றாக இருந்ததைப் பார்த்தது நான் மட்டும்.

திரையில் ஒரே ஒரு ஃபோல்டர் இருந்தது. அதன் பெயர் கச்ரா. ஆங்கில எழுத்தில், ஆறும் பெரிய எழுத்துகள்.

திறந்தேன். உள்ளே முப்பத்தெட்டுக் கோப்புகள். முதல் கோப்பின் பெயர் இப்படி இருந்தது:

ghlk; 1 tlh ght;

உங்களுக்கு இது குப்பையாகத் தெரியும். யாருக்கும் அப்படித்தான் தெரியும். ஆனால் டி.டி.பி. கடைகளிலும் எங்கள் பத்திரிகையிலும் யூனிகோடு வருவதற்கு முன்னால் இப்படித்தான் தமிழ் இருந்தது. எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் இந்தக் கோலம். g என்றால் ப. h என்றால் துணைக்கால். அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளி. எழுத்துரு இல்லாத வெளியூர் நிருபர்களின் மின்னஞ்சல்களைப் பதினோரு வருஷம் பார்த்துப் பார்த்து, எழுத்துரு இல்லாமலே இதை என்னால் படிக்க முடியும். அலுவலகத்தில் வேறு யாராலும் முடியாது. அதிலும் எனக்குப் பெருமைதான்.

பாடம் 1 வடா பாவ்.

படித்தேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. மைனி ஞாயிற்றுக்கிழமைகளில் கேம்பில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லித்தருகிறாள் என்பதும் எனக்குத் தெரியும். அடுத்த நொடியில் இரண்டும் பொருந்திவிட்டன. இவை குப்பை இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

போன் மேசைமேல் கிடந்தது.

ஏன் எடுக்கவில்லை? எடுத்திருந்தால் மைனி, "இரு, நாளைக்கிப் பென் டிரைவ் குடுத்துவிடுதேன்" என்பாள். ஒரு நாள் போய்விடும். பத்து நாளில் ஏற்கெனவே நான்கு போயிருந்தது. மொத்தக் கோப்புகளும் சேர்ந்து இரண்டு எம்.பி.கூட வரவில்லை. பத்திரிகையில் நாங்கள் அனுப்பிவந்த ஒரு புகைப்படத்தைவிடக் குறைவு. எனக்கே மின்னஞ்சலில் அனுப்பி வைத்திருக்கலாம். அரை நிமிஷ வேலை. அதையும் செய்யவில்லை... கிட்டத்தட்டப் பதில் போல இருப்பது ஒன்று மட்டும் உண்டு. அந்த இயந்திரம் முழுக்க என்னுடையதாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. மூலையில்கூட இன்னொருவர் சாமான் இருக்கக் கூடாது. கச்ராவில் போட்டாயிற்று என்று அவளே சொன்னாளே என்று அந்தச் சொல்லை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

பிறகு வேலையைத் தொடங்கினேன்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். நான் ஒரு ஸ்க்ரூ டிரைவரைக்கூட அதுவரை ஒழுங்காகப் பிடித்ததில்லை. பழைய பேப்பர் தாள் ஒன்றை விரித்து, லேப்டாப்பின் அடிப்பக்கத்தைப் பென்சிலால் வரைந்துகொண்டேன். எந்த இடத்தில் எந்தத் திருகாணி இருந்ததோ அதை அந்த இடத்தில் தாளில் குத்திவைத்தேன். பதினோரு திருகாணிகள், மூன்று நீளங்கள். பக்கம் போடுவது போலத்தான். ஒன்றை மாற்றிப் போட்டால் பக்கம் உட்காராது.

லேமிங்டன் ரோட்டில் வாங்கிய ரேம், நான்காக இருந்ததைப் பன்னிரண்டு ஆக்கியது. சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. என்ற புதுவகை டிஸ்க் ஒன்றை வைத்தேன். யாருமே பயன்படுத்தாத டி.வி.டி. டிரைவை வெளியே எடுத்து, அந்தப் பொந்தில் ஒரு தகரத் தட்டை வைத்து, அதில் பழைய டிஸ்க்கைப் பொருத்தினேன். விசிறியில் படிந்திருந்த தூசியை ஓவியத் தூரிகையால் எடுத்தேன். முதல் முறையே மூடி சரியாக உட்கார்ந்தது.

கவனித்தீர்களா? புதிய இயங்குதளம் எஸ்.எஸ்.டி.யில்தான் ஏறப்போகிறது. பழைய டிஸ்க்கை நான் தொடவே வேண்டியதில்லை. அது பக்கத்தில் சும்மா இருந்திருக்கும், கச்ராவோடு.

லினக்ஸ் நிறுவும்போது இரண்டு டிஸ்க்கும் திரையில் வந்தன. இரண்டாவதையும் தேர்ந்தெடுத்தேன். இதிலுள்ள எல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா என்று கேட்டது. ஆம் என்றேன். அது இன்னொரு முறை கேட்டது. எங்கள் பத்திரிகையில்கூட யாரும் என்னிடம் எதையும் இரண்டு முறை கேட்டதில்லை. ஆம் என்றேன்.

மதியம் இரண்டே கால் மணி. வெளியே பிரஷர் குக்கர் சத்தம்.

மறுபடி ஆன் செய்தபோது பதினோரு நொடியில் திரை வந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தே சொல்கிறேன். அணைத்து மறுபடி போட்டேன். பதினோரு நொடி. ஆறு முறை போட்டுப் பார்த்தேன். கறுப்புத் திரையில் துடிக்கிற அந்த வெள்ளைக் கட்டத்தைப் பார்த்தபோது என் வயதும் வேலை போனதும் சென்னைக்குப் போகாததும் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. இனி ஒருவரும் எனக்குப் பொருள் தர வேண்டியதில்லை. நானே செய்துகொள்வேன்!

கெடுவுக்கு ஒரு நாள் முன்பே வேலையை முடித்து அனுப்பினேன். எடுத்துக்கொண்டார்கள்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மைனியும் அண்ணனும் வந்தார்கள். மைனி புதுச்சேலை கட்டியிருந்தாள். கையில் பெடா இனிப்பு டப்பா.

"ஒரு தமிழ்ச் சங்கத்துல புஸ்தகமாப் போட்டுத் தாரோங்காங்க கனி. ஆயிரம் காப்பி. ஃபைலக் கேக்காங்க. அந்தக் கச்ராவத் தா."

"எந்தக் கச்ரா?" என்றேன். அது எனக்குத் தெரிந்தே இருந்தது.

"ஃபோல்டருளா. கடையில எங்க சேட்டு இருக்காருல்லா, சனிக்கெழமயான நாங்க சொந்தமா அடிச்சி வச்சத எல்லாம் அழிச்சிப்போடுவாரு. கச்ரான்னு பேரு வச்சா மட்டும் தொடமாட்டாரு. வேஸ்ட்டுன்னு நெனச்சிக்கிடுவாரு. அந்தப் பேரே நெலச்சிப்போச்சி." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "ஏமாந்தவரு அவரு ஒருத்தருதான்."

பிறகு அவளே அந்தப் பாடங்கள் எப்படி வந்தன என்று சொன்னாள். தமிழ்நாட்டுப் பாலபாடத்தை வைத்துத்தான் முதலில் நடத்தினாளாம். ஏ என்றால் ஏர் என்று படம் காட்டியிருக்கிறாள். "ஏர்னா காத்துதான டீச்சர், இது ஏதோ கட்டையாட்டம் இருக்கு" என்று ஒரு பெண் கேட்டிருக்கிறது. வீட்டில் தமிழ் பேசுகிற, பள்ளியில் இந்தியும் மராத்தியும் படிக்கிற பிள்ளைகள். அவர்கள் பார்க்காத எதுவும் பாடத்தில் வரக் கூடாது என்று அன்றே முடிவு செய்தாளாம். ஏ என்றால் ஏணி, மாடி வீட்டுக்கு ஏறும் இரும்பு ஏணி. வ என்றால் வடா பாவ். ட என்றால் டப்பா. நான்கு வருஷம், மதியச் சாப்பாட்டு நேரங்களில் அடித்த முப்பத்தெட்டுப் பாடங்கள். வேறு எங்கும் நகல் இல்லை; கடையில் இருந்ததும் அந்தப் பழைய டெஸ்க்டாப்பை அழித்துத் தந்தபோது போய்விட்டது. பிள்ளைகளுக்குக் கொடுத்த ஜெராக்ஸ் தாள்கள் எங்கெங்கே போயினவோ!

நான் சொன்னேன்: "டிஸ்க் போயிருந்திச்சி மைனி. வந்தப்பவே ஓடல. வேற போட்டுத்தான் வேல பாத்தேன்."

எவ்வளவு சுருக்கமான பொய், பாருங்கள். தேவையில்லாத ஒரு சொல் கிடையாது.

மைனி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணன்தான் பேசினான்.

"அன்னைக்கிக் குர்லாவுல நான் கீழ போட்டம்லா..."

அவன் என்னைப் பார்த்தான். இல்லை அண்ணே, அதனால் இருக்காது என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பான். அந்த மாதிரி ஒரு பொய்கூட அவனுக்கு நான் சொல்லவில்லை. அந்தப் பொய்யைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும்: வேறு எதனால்? ஆகவே தரையைப் பார்த்தேன்.

"ஒரு சாமான ஒழுங்காக் கொண்டுபோயிக் குடுக்கத் தெரியல," என்றாள் மைனி அவனிடம். "டெஸ்பாட்ச் கிளார்க்காம்."

அவ்வளவுதான் சொன்னாள். அதன்பின் பல வருஷம் அதைச் சொன்னாள். சாமான் வாங்கி வந்தால், சாவியை மறந்தால், மழையில் குடையை விட்டுவிட்டு வந்தால்... சண்டையாக அல்ல, சாதாரணமாக. அவன் ஒருமுறைகூட மறுத்துப் பேசவில்லை. புத்தகத்தை மறுபடி அடிக்கச் சொல்லி அவன் கேட்டபோது, "இனிமே எனக்குத் தெம்பு கெடையாது" என்றுவிட்டாளாம். ஞாயிற்றுக்கிழமை வகுப்பும் நின்றுபோனது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அன்று அவர்கள் போனதும் மீட்பு நிரல் ஒன்றை அந்த டிஸ்க்கில் ஓட்டினேன். மூன்று மாதத்தில் அதன்மேல் எவ்வளவோ எழுதிவிட்டிருந்தேன். ஏழு மணி நேரம் தேடி ஐந்து கோப்புகளைக் கொண்டுவந்தது. நான்கு சிதைந்திருந்தன. ஒன்று முழுசாக இருந்தது. பாடம் 36.

அதைக் கொடுக்க முடியவில்லை. டிஸ்க் ஓடவே இல்லை என்று சொல்லிவிட்டேனே!

இதற்குள் என் வேலை வளர்ந்தது. அந்தப் பழைய எழுத்துருக் கோலத்தை யூனிகோடு தமிழாக மாற்றும் நிரல் ஒன்றை எழுதினேன். முன்பே சில இருந்தன. ஆனால் என்னுடையது அளவுக்கு அரைப்புள்ளியில் தவறாத ஒன்றை நான் பார்த்ததில்லை. உண்மையான அரைப்புள்ளி எது, மெய்யின் புள்ளி எது என்று அது சூழலை வைத்துக் கண்டுபிடிக்கும். யார் யாரோ தங்கள் பழைய கோப்புகளை அதில் போட்டுத் தமிழை எடுத்தார்கள். பத்து வருஷம் படிக்க முடியாமல் கிடந்த அப்பாவின் கடிதம் கிடைத்தது என்று முகம் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார். அதை மூன்று முறை படித்தேன். நிரல் சரியாக இயங்குகிறதா என்று சோதிக்க நான் முதலில் போட்ட கோப்பு எது என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். பாடம் 36. ஒரு பிழையில்லாமல் வந்தது.

அதன் முதல் வரிகள் இவை:

"தண்ணீரில் வருவது ண. அண்ணனிலும் அதே ண. கனியில் வருவது ன. கனி அத்தை பேப்பரில் பிழை பார்க்கிறாள். அவள் கண்ணுக்கு ஒரு பிழையும் தப்பாது."

நிரலின் விளக்கத்தில் அந்தக் கோப்பைப் பற்றி எழுதவில்லை. ஆனால் அந்த நிரலைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு முதுகு நிமிர்கிறது. இன்றும்.

போன வருஷம் அண்ணன் ஓய்வு பெற்றான். சில மாதம் கழித்து ஒரு நாள் தனியாக என் வீட்டுக்கு வந்தான். கையில் பிளாஸ்டிக் கவர். உள்ளே மடிந்து மஞ்சளித்த ஜெராக்ஸ் தாள்கள்.

"ஏட்டி, இதப் பாரு."

மைனியின் பாடங்கள். அவளிடம் படித்த பிள்ளைகள் இப்போது கல்யாணமாகி, வேலைக்குப் போய், தானே நகரம் வரை சிதறிக் கிடக்கிறார்கள். ஒவ்வொருவர் வீடாகப் போய்ப் பழைய பெட்டியைக் கிளறச் சொல்லி வாங்கியிருக்கிறான். ஐந்து மாதத்தில் இருபத்தாறு பாடங்கள்.

"இத நானே அடிக்கேன். ஒத்த வெரல்லதான். ஒரு பக்கம் அடிக்க ரெண்டு நாளாவுது. ஆனா அடிச்சிருவேன். மைனிக்கித் தெரியும், ஒண்ணும் சொல்ல மாட்டேங்கா. காப்பி கொண்டாந்து வைக்கா." வெட்கத்தோடு சிரித்தான். "நான் கீழ போட்டத நான்தாம்ட்டி எடுக்கணும். நீ பிழை மட்டும் பாத்துக் குடு."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அறையில் நாங்கள் இருவர்தான். அவன் என்னைத் திட்டக்கூடத் தெரியாதவன்... நான் சொன்னது, "சரிண்ணே, பாத்துத் தாரேன்."

அவனிடம் இல்லாத பாடங்களில் முப்பத்தாறும் ஒன்று. அது என்னிடம் இருந்தது. அதை எப்படியாவது கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது. உண்மையைச் சொல்லாமல்.

இனி நான் சொல்லப்போவதைப் படித்தால் என்மேல் மிச்சமிருக்கும் மரியாதையும் போய்விடும். ஆனால் மிக நேர்த்தியாகச் செய்தேன். பழைய எழுத்துருவைத் தேடி எடுத்தேன். மற்ற தாள்களை அளவுகோலால் அளந்து, அதே எழுத்தளவு, அதே இடது ஓரம் வைத்து அச்சிட்டேன். மைனி வேலை பார்த்த கடையின் ஜெராக்ஸ் மெஷினில் வலது மூலையில் ஒரு கறுப்புக் கோடு விழுந்திருந்தது. அதையும் வைத்தேன். செம்பூர் ஸ்டேஷன் அருகே ஒரு கடையில் நகலின் நகலின் நகல் என்று நான்கு முறை எடுத்தேன், புள்ளிகள் கரையும்வரை. நான்காக மடித்து அரிசி டிரம்முக்கு அடியில் ஒரு வாரம் வைத்தேன். டீக்கறை வைக்கவில்லை. அது சினிமாத்தனம்.

அண்ணன் தந்த இருபத்தாறு தாள்களோடு இதைச் சேர்த்துக் கலைத்துப் போட்டால் நீங்கள் பிரித்துச் சொல்ல மாட்டீர்கள்.

எடுத்துக்கொண்டு லேபர் கேம்புக்குப் போனேன். அண்ணன் டெஸ்க்டாப் முன்னால் உட்கார்ந்து ஒற்றை விரலால் ஏதோ எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தான். மைனி கீழே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நெருள்ல ஒரு பொண்ணு இருக்கா, மைனிட்ட படிச்சவ. எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்குத் தெரிஞ்சவ. அவகிட்ட இது ஒண்ணு இருந்திச்சி," என்றேன்.

அண்ணன் எழுந்தேவிட்டான். "முப்பத்தாறு! ராணி, பாரு, முப்பத்தாறு கெடச்சிட்டு!" தாளைப் பறித்து அவளிடம் நீட்டினான்.

மைனி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். படித்தாள். என் பெயர் வருகிற வரியில் அவள் கண் நின்றது எனக்குத் தெரிந்தது. பிறகு மறுபடி மேலே போய், பாடத்தின் எண்ணைப் பார்த்தாள்.

"முப்பத்திமூணோட கிளாஸ் நின்னுபோச்சில்லா," என்றாள். குரல் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. "அதுக்கு மேல நான் அடிச்சி வச்சதோட சரி. பிரின்ட்டே எடுக்கலயே."

நான் தாளைப் பார்த்தேன். எழுத்தளவு சரி. ஓரம் சரி. கறுப்புக் கோடு சரி.

எல்லாவற்றையும் சரிபார்த்தவள் செய்தியைச் சரிபார்க்கவில்லை. அந்தப் பாடம் எந்தப் பிள்ளையின் கைக்கும் போனதே இல்லை. அது இருந்த ஒரே இடம் அந்த டிஸ்க். அந்த டிஸ்க்கைப் படித்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர்தான். அவளும் நானும்.

"ஒனக்கு மறந்திருக்கும். எடுத்திருப்ப," என்றான் அண்ணன்.

மைனி என்னைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. அந்த ஒருமுறைதான் நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"எடுத்திருப்பேன்," என்றாள். தாளை அண்ணனிடம் கொடுத்தாள். "இதயும் சேத்து அடிங்க." மறுபடி கீரையை எடுத்துக்கொண்டாள்.

அவள் என்னிடம் அன்று ஒன்றும் கேட்கவில்லை. இதுவரையும் கேட்கவில்லை. அண்ணனிடமும் சொல்லவில்லை. டெஸ்பாட்ச் கிளார்க் என்று அவனைக் குத்துவதை மட்டும் அன்றோடு விட்டுவிட்டாள். அவன் அதைக் கவனித்தானா என்று தெரியவில்லை. விடாமல் அடித்துக்கொண்டிருக்கிறான். பத்தொன்பதாவது பாடத்துக்கு வந்திருக்கிறான். பிழை பார்க்க எனக்கு அனுப்புகிறான். நான் பார்க்கிறேன். அதே லேப்டாப்பில்தான். இன்னும் பதினோரு நொடியில் எழுகிறது.

போன ஞாயிறு போயிருந்தேன். கதவைத் திறந்தது மைனி. இருபது வருஷமாக "ஏளா கனி, வா" என்று கூப்பிட்டவள்.

"வாங்க," என்றாள். "உக்காருங்க. காப்பி குடிக்கேளா?"

உள்ளே கீபோர்டிலிருந்து தலையைத் தூக்காமல் அண்ணன் சிரித்தான்.

"பாத்தியாட்டி, பெரிய ஆபீசராயிட்ட. மைனியே மரியாத குடுக்கா."

நானும் சிரித்தேன். காப்பியை வாங்கிக் குடித்தேன். அவள் என்னை நீங்க என்றுதான் அன்று முழுக்கப் பேசினாள்.